கோட்டையும் கோடரிக் கல்லும்

ஏற்காட்டில் கோட்டை உண்டா என்று கேட்டால் நம்மூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சங்ககிரியில் உண்டு, நாமக்கல்லில் உண்டு, கிருஷ்ணகிரியில் உண்டு. ஏற்காட்டில் ஏரி உண்டு, காப்பி உண்டு, ஆரஞ்சு உண்டு; கோட்டைக்கு அங்கே என்ன வேலை?

ஆனாலும் ஒன்று உண்டு. பழைய ஆட்கள் 'கிரேஞ்ச்' என்று சொல்லும் பங்களாதான் அது. ஏற்காட்டில் வெள்ளைக்காரர் கட்டிய வீடுகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கட்டியது. பின்னால் 1857-இல் வடக்கே சிப்பாய்கள் எழுந்தார்கள் அல்லவா, அந்தச் செய்தி வந்ததும் இங்கிருந்த துரைமார்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு வேளை சேலத்திலும் கலகம் மூண்டால் பெண்டு பிள்ளைகளோடு ஒளிந்துகொள்ள ஓரிடம் வேண்டும் என்று இந்த வீட்டுக்குக் கோட்டை மாதிரி மதில் முகப்பு வைத்து, பீரங்கி ஏற்ற மேடை கட்டி, நிலவறையில் ஆறு மாதத்துக்குத் தானியமும் சேர்த்து வைத்தார்களாம். மலையில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் வாரம் தவறாமல் கைப்பேசியில் படம் அனுப்புவான். ஒரு வாரம் மலைமுகட்டில் இடிந்த கோட்டை, அடுத்த வாரம் வயல் நடுவே நட்டு வைத்த நெடுங்கல், அதற்கடுத்த வாரம் மூடுபனியில் ஒற்றையடிப் பாதை. "தாத்தா, இதெல்லாம் நம்ம ஊரில் எங்கே?" என்று கேட்டிருந்தான். கோட்டைக்குப் பதில் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்காட்லாந்துக்கும் சேர்வராயன் மலைக்கும் உறவு ஒன்றும் புதிதல்ல. காக்பர்னே ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பெயர். அந்த ஊரில் அதைக் 'கோபர்ன்' என்றுதான் உச்சரிப்பார்கள். நடுவில் உள்ள எழுத்துகள் சும்மா உட்கார்ந்திருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு எழுதிவிட்டு உச்சரிக்காமல் விடும் எழுத்துகள் பழகிப்போனவை. சேலத்தில் எல்லோரும் காக்பர்ன் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். பேரி முதலான பழமரங்களையும் அவர் காலத்தில்தான் வைத்துப் பார்த்தார்கள்.

அவருக்கும் முந்தியவர் தாமஸ் மன்றோ, 1761-இல் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தவர். திப்புவிடமிருந்து பாராமகால் கும்பெனியார் கைக்கு வந்த 1792 முதல் 1799 வரை, கர்னல் ரீடின் கீழ் இந்தச் சீமையில் நில அளவை, தீர்வை வேலை பார்த்தார். சுற்றுலாக் கையேடுகள் பலவற்றில், "1842-ஆம் ஆண்டு கவர்னர் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்" என்று ஒரு வரி தவறாமல் வருகிறது. மன்றோ 1827 ஜூலையில் கர்நூல் பக்கம் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். இறந்து பதினைந்து வருஷம் கழித்து மலையேறினார் என்றால் அதை எந்தக் கோப்பில் பதிவது? ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதுவதில் வரும் வினை இது. அலுவலகத்தில் முன் கோப்பைப் பார்த்தே குறிப்பு எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு இந்த வியாதி நன்றாகவே தெரியும்.

கிரேஞ்சின் வயது ஏறக்குறைய இருநூறு வருஷம்தான். ஊரில் உள்ள மாதா கோயில்கள், கான்வென்டு (1894), மான்ட்போர்ட் பள்ளி (1917) எல்லாம் அதற்கும் பின்னால். இவற்றைச் சுற்றிக்காட்டிவிட்டு "பழைய ஏற்காடு" என்று சொல்கிறோம். உண்மையான பழமையைப் பார்க்க வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும்.

பகோடா பாயிண்டில் தொடங்கலாம். நம் ஜனங்கள் அதைப் 'பக்கோடா பாயிண்ட்' ஆக்கி, அங்கே போய்ப் பக்கோடாக் கடையைத் தேடுவதும் உண்டு. அங்கே கல்லின் மேல் கல்லாகக் கூம்பு போல அடுக்கிய நான்கு குவியல்கள் இருக்கின்றன. அவற்றால்தான் அந்தப் பெயர். மலைமக்கள் அடுக்கியவை. சுண்ணாம்பு இல்லை, மண் பூச்சு இல்லை. பக்கத்தில் ராமர் கோயில். ஸ்காட்லாந்து மலையுச்சிகளிலும் இதே மாதிரிக் குவியல் உண்டு. அவர்கள் மொழியில் 'கேர்ன்'. மலையேறிப் போகிறவர் ஆளுக்கொரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு வருவது அங்கே வழக்கம். சில கேர்ன்களுக்கு அடியில் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய ஈமக்குழிகள் இருக்கின்றன.

நட்டு வைத்த கற்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. லூயிஸ் தீவில் கேலனிஷ் என்ற இடத்தில் வட்டமாக நிற்கும் நெடுங்கற்கள் எகிப்தின் பெரிய பிரமிடுகளுக்கும் முந்தியவை. பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் கர்னாக்கில் மூவாயிரத்துக்கு அருகே கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் இவற்றின் படத்தைக் காட்டி 'மெனிர்', 'தோல்மென்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஊர்ப் பிரெத்தோன் மொழியில் மென் என்றால் கல், ஹிர் என்றால் நீளம்; நெடுங்கல், அவ்வளவுதான். சங்கப் பாட்டில் வரும் நடுகல்லை எங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில் கல் திட்டைகள் கூட்டம் கூட்டமாக இருப்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். கேலனிஷ் கற்களை, மதம் மாற மறுத்துக் கல்லாகிப்போன அரக்கர்கள் என்று அந்தத் தீவுக்காரர்கள் சொல்வார்களாம். நாம் கல் திட்டையைப் பாண்டவர் வீடு என்கிறோம். யார் வைத்தது என்று மறந்துபோனால் எல்லா ஊரிலும் கதை பிறந்துவிடுகிறது.

இனி சேர்வராயன் கோயில். ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், காற்று ஆளைத் தள்ளும் மொட்டை மேட்டில், ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவிரியம்மனும். அந்தக் குகை காவிரி ஆறு வரைக்கும் போகிறது என்பது மலைமக்கள் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவின்போது சுற்றுப்பட்ட மலைக் கிராமமெல்லாம் அங்கே கூடிவிடும். அந்தப் பக்கம் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பிய காலத்தை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். சாமி இருந்த மேடு தப்பியது.

கோயிலுக்கு உரியவர்கள் 'மலையாளிகள்'. கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆளுகிறவர்கள். வீட்டிலும் வெளியிலும் தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்ததாகவும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமும் தங்கிவிட்டதாகவும் அவர்கள் பரம்பரைக் கதை. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மலையை மூன்று நாடாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்று நிர்வாகமும் உண்டு. காக்பர்ன் வருவதற்கு முன்பே இங்கே நாடு இருந்தது, எல்லை இருந்தது, பாதை இருந்தது. துரைமார்களை நாற்காலியில் உட்கார வைத்துச் சுமந்துகொண்டு அடிவாரத்திலிருந்து ஏறியதும் அந்தப் பாதைகளில்தான். குப்பனூர்ப் பக்கத்திலிருந்து ஏறும் வழியில் இன்று தார்ச்சாலை இருக்கிறது. மற்றவை பல காப்பித் தோட்டத்துக் கதவுகளுக்குப் பின்னால் போய்விட்டன. ஸ்காட்லாந்தில் 2003-இல் ஒரு சட்டம் போட்டு, பயிருக்கும் வீட்டுக்கும் தொந்தரவு செய்யாமல் யார் நிலத்திலும் யாரும் நடந்து போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் அப்படிக் கேட்டால் காவல்காரர் நாயை அவிழ்த்து விடுவார்!

இந்த மலைப் பாதைகளில் நடந்து நடந்து ஒரு மனிதர் கண்டறிந்த விஷயம்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்று பெயர். ராபர்ட் புரூஸ் என்பது ஸ்காட்லாந்து அரசன் பெயர் என்றாலும் இவர் பிறந்தது இங்கிலாந்தின் செல்ட்டனம் என்ற ஊரில், 1834-இல். நிலவியல் துறையில் உத்தியோகம். 1863 மே 30 அன்று சென்னை பல்லாவரத்தில் கல்லாலான கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்காலத்து மனிதர் இந்த நாட்டிலும் வாழ்ந்தார்கள் என்று காட்டிய முதல் கல் அது. வேலையை விட்டபின் அவர் ஏற்காட்டில் தங்கினார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தபோது சாம்பலை ஏற்காட்டுக்கே கொண்டுவந்து ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைத்தார்கள். அவர் மாமனார் வேறு யாருமல்ல, யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார். நம் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்து அச்சிட்ட புண்ணியவான். அவரும் 1882-இல் ஏற்காட்டில்தான் காலமானார். தமிழுக்கும் தமிழ்நாட்டின் பழமைக்கும் உழைத்த மாமனார் மருமகன் இருவர் வாழ்ந்த ஊர் என்று ஏற்காட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபூட் இந்த மலைக் கிராமங்களில் பார்த்தது இது. சின்னச் சின்னக் கோயில்களில், பெரும்பாலும் பிள்ளையார் இருக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பான கருங்கற்களை வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். ஒரு முனை கூம்பியிருக்கும், மறுமுனை அகன்று விளிம்பு கட்டியிருக்கும். அவை புதிய கற்காலத்துக் கோடரிகள் என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. காடு திருத்தும்போதும் ஏர் ஓட்டும்போதும் மண்ணிலிருந்து வெளிவந்தவற்றை யாரோ முன்னோர் எடுத்து, இது மனிதர் செய்த காரியமல்ல என்று நினைத்துச் சாமியிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கூம்பிய முனை மேலே இருக்கும்படி மண்ணில் நட்டுப் பாருங்கள், கைகூப்பத் தோன்றும் வடிவம்தான்.

ஒரு கோடரி செய்வது லேசுப்பட்ட வேலையல்ல. நெருக்கமான மணியுள்ள கருங்கல்லாகத் தேடி எடுத்து, இன்னொரு கல்லால் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்த்து உருவத்தைக் கொண்டுவர வேண்டும். பிறகு மேடு பள்ளத்தைப் புள்ளி புள்ளியாகக் கொத்தி மட்டமாக்க வேண்டும். கடைசியில் பாறை மேல் மணலும் தண்ணீரும் விட்டு நாள் கணக்கில் தேய்க்க வேண்டும். அம்மி கொத்துகிறவரைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி புரியும். மரப்பிடியில் செருகிக் கட்டினால் மரம் வெட்டும். பிடியில்லாமல் வைத்தால் மண் கிளறும். நம் பக்கத்தில் திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது, இப்படிப்பட்ட கோடரிகளோடு வாழ்ந்த மக்களின் குடியிருப்பே கிடைத்தது. நாலாயிரம் வருஷத்துக் கணக்கு அது.

இதே கல் ஐரோப்பாவிலும் உண்டு, இதே பக்தியும் உண்டு. பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'பியேர் த ஃபூத்ரு', இடிக்கல். இடியோடு வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பி, மறுபடி இடி விழாமல் இருக்க வீட்டுச் சுவரிலும் கூரையிலும் செருகி வைத்தார்கள். ஸ்காட்லாந்துக் குடியானவர்களிடமும் இந்த நம்பிக்கை இருந்தது. அங்கே சிறிய கல் அம்புமுனைகளைக் குறளிகள் எய்தவை என்று சொல்லி, மாட்டுக்கு நோய் வந்தால் அவற்றை நனைத்த தண்ணீரைக் கொடுப்பார்களாம். 1723-இல் ஆந்துவான் த ழுஸ்ஸியூ என்ற அறிஞர், பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அமெரிக்கப் பழங்குடிகளின் கற்கருவிகளைப் பக்கத்தில் வைத்துக்காட்டி, இடிக்கல் என்பது பழைய மனிதரின் ஆயுதம்தான் என்று விளக்கினார். அதன் பிறகு அங்கே அந்தக் கற்கள் மெல்ல மெல்ல வீட்டைவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆல்ப்ஸ் மலையில் வெட்டிய பச்சை மணிக்கல் கோடரி ஸ்காட்லாந்து வரை பயணப்பட்டிருப்பதை இன்று அவர்களால் நிரூபிக்க முடிகிறது என்றால், எது எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான்.

ஃபூட் சேர்த்தவையும் அருங்காட்சியகத்துக்குத்தான் போயின. வாழ்நாள் முழுதும் திரட்டியதை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்; எழும்பூரில் பார்க்கலாம். கிடைத்த இடத்தை ஒவ்வொன்றுக்கும் எழுதிப் பட்டியலும் போட்டார். வெள்ளைக்காரர் எடுத்துப் போய்விட்டார் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் எனக்குப் பாதிதான் சம்மதம். அவர் எழுதி வைக்காவிட்டால் நமக்கு இந்தக் கதையே தெரிந்திருக்காது. ஆனால் அவர் எடுப்பதற்கு அந்தக் கற்கள் இருந்ததே மலைமக்கள் கும்பிட்டுக் காத்ததால்தான். முதல் காப்பாளர் அவர்களே.

சில வருஷங்களுக்கு முன் கோயிலைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்துக்கு நடந்து போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மரத்தடியில் கூரையில்லாத மேடை, அதில் மஞ்சள் குங்குமம் பூசிய கற்கள் வரிசையாக இருந்தன. நான்கைந்து சந்தேகமில்லாமல் கோடரிகள். மறுபடி போனபோது மேடை இல்லை. பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, கலர் கலராகச் சுதை வைத்துப் புதுக் கோயில் எழும்பியிருந்தது. பிள்ளையார் மாமல்லபுரத்திலிருந்து வந்தவராம். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் பழைய கற்களைப் பற்றி விசாரித்தேன்.

"அந்தச் சாமிக் கல்லுங்களா ஐயா? கடகால் போடறப்ப எல்லாத்தையும் ஓரமா எடுத்து வெச்சோம். அப்புறம் கொத்தனாருங்க ஜல்லியோட ஜல்லியா உள்ள போட்டுட்டாங்க. சாமி கீழதானே இருக்குது, போகட்டும்னு விட்டுட்டோம்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. நாலாயிரம் வருஷம் மண்ணிலும் பிறகு மேடையிலும் இருந்தவை, ஒரே நாள் கான்கிரீட்டில் போய்விட்டன. திருடனும் வரவில்லை, துரையும் வரவில்லை. பக்தியோடு செய்த திருப்பணியிலேயே போய்விட்டன. ஜவ்வாது மலைக் கோயில்களிலும் இப்படிக் கோடரிகளை வைத்துக் கும்பிடுவதாகப் படிக்கிறோம். அங்கேயும் திருப்பணி நடக்காமலா இருக்கும்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1972-இல் தொல்பொருள் சட்டமும் வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. இரண்டும் நல்ல சட்டங்கள். ஆனால் மேடை மேல் குங்குமத்தோடு இருக்கும் கல் மண்ணில் மறைந்ததும் அல்ல, யாரும் அதை விற்கவும் இல்லை. அதை ஜல்லியாக்கினால் எந்தப் பிரிவில் கேட்பது? ஸ்காட்லாந்தில் பழம்பொருள் எதைக் கண்டெடுத்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தகுதியானது என்றால் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, கண்டெடுத்தவருக்குச் சன்மானமும் தருகிறார்கள். பூசையில் இருக்கும் கல்லைப் பற்றி அவர்கள் யோசிக்கத் தேவையில்லை, அவர்களிடம் அது இல்லை.

என்னைக் கேட்டால் அந்தக் கற்களைக் கோயிலிலிருந்து எடுக்கவே கூடாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது கோடரி மட்டும்தான். அங்கே இருக்கும்போதுதான் கோடரியாகவும் சாமியாகவும் இருக்கிறது. இருக்கிற இடத்திலேயே எண்ணி, அளந்து, படம் பிடித்து, ஊர்ப் பெயரோடு ஒரு பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். அதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை, ஓர் அளவுகோலும் பொறுமையும் போதும். உங்களில் மலைமேல் தோட்டமோ உறவோ உள்ளவர்கள், கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது, பழைய மேடையில் இருந்த கல்லை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

போன மாசியில் இன்னொரு கிராமத்தில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் கோயிலைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஆனால் ஊர்ப் பெரியவர் பிடிவாதமாக நின்று, பிள்ளையாருக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டச் சொல்லி, கற்களை எல்லாம் அதில் மணல் பரப்பி நட்டு வைத்திருக்கிறார். நடுவதற்கு முன் பேரப்பையனை உட்கார வைத்து, பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு கல்லையும் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரையச் சொன்னாராம். திருட்டுப் போனால் அடையாளம் சொல்ல வேண்டுமே என்பது அவர் கணக்கு. நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்கு இரண்டு கல், மொத்தம் இருபத்துமூன்று. கடைசிப் பக்கத்தில் ஒன்று மட்டும்.